"இக்கா மரிச்சு" என்று போன் வந்தது

இல்லைங்க, கேமில்தான் என்று நினைத்தேன். முருகன் மேல் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சலீமிக்கா போய்விட்டார்.

மட்டாஞ்சேரியில் என் மாவுக் கடைக்கு அடுத்த கடை அவருடையது. முன்னால் டிவி, மிக்ஸி ரிப்பேர். உள்ளே திரை போட்ட அறையில் வீடியோ கேம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்து விளையாடியவர்கள்தானே.

நேற்று மதியம் அவர் தம்பி நாசர் போன் பண்ணினார். "அக்கா, இக்கா மரிச்சு." அண்ணன் இறந்துட்டார் என்று.

இதே வார்த்தையைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்... சாமுராய் கேமில் சலீமிக்கா வெட்டுப்பட்டு விழும்போதெல்லாம் நாசர் தெருவுக்கே அறிவிப்பார், "இக்கா மரிச்சு" என்று. நான் கிரைண்டர் பக்கத்தில் நின்றபடியே, "சாரமில்ல, ஒண்ணு கூடி" என்பேன். பரவாயில்லை, இன்னொரு தடவை ஆடுங்க என்று மலையாளத்தில் அர்த்தம்.

நேற்றும் அதையே சொன்னேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

நாசர் மெதுவாக, "அக்கா... கேம்ல இல்ல."

காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசல் வரை உயிர் இருந்ததாம்.

செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிற பொம்பளைக்கு வாள்சண்டை கேம் எதற்கு என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் எட்டாவது வரை படித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். உளுந்து அரைபடுகிற நேரத்தில் சும்மா நிற்காமல் ஒருநாள் அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். டிவியில் குடுமி வைத்த ஒருத்தர், கையில் வாளோடு குதிரையில் போய்க்கொண்டிருந்தார். அப்படியே எங்கள் ஊர் ஐயனார்.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அவர் ஜப்பான் பெயர் என் வாயில் நுழையவில்லை. குடுமிக்காரர் என்று வைத்துவிட்டேன். கடைசியில் கடையில் எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த முதல் கேமில் மலைமேல் சின்னச் சின்னக் கோயில் வரும். ஒரு பட்டனை அமுக்கினால் குடுமிக்காரர் குனிந்து கும்பிடுவார். கோயில் வந்தாலே சலீமிக்கா கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிடுவார். "அக்கா, தொழுதோ" என்பார்.

எங்கள் ஊரில் தொழுகை என்றால் பள்ளிவாசலில்தான். முதல் தடவை, "அது உங்களுக்கு இக்கா, எங்களுக்குக் கும்பிடு" என்று சண்டைக்கே போய்விட்டேன். மலையாளத்தில் அம்பலத்தில், அதாங்க கோயிலில், சாமி கும்பிடுவதும் தொழுவதுதான் என்று நாசர் விளக்கினார். சலீமிக்கா கண்ணில் தண்ணீர் வர சிரித்தார். "ரெண்டும் பட்டன் ஒண்ணுதான் அக்கா" என்றார்.

இப்போது இரண்டாம் பாகம் வந்ததே... அதில்தான் எங்களுக்கு மனஸ்தாபம்.

ஆரம்பத்திலேயே ஒரு கல்லறை. பக்கத்தில் நம் குடுமிக்காரரின் வாள். ஆள் இல்லை. இனிமேல் ஒரு பெண்தான் ஹீரோ. கோயிலில் நிற்கக்கூட வேண்டாம், குதிரையில் கடந்து போனாலே சேவ் ஆகிவிடும். நின்று கும்பிட நேரமில்லாதவருக்குக் கோயில் எதற்கு?

ஆனால் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. அதுதான் கஷ்டம். அவள் வாள் சுழற்றுகிற அழகு குடுமிக்காரருக்குக்கூட வராது. பிடிக்கிறது என்று நினைத்தவுடனே, செத்தவர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்ட மாதிரி ஒரு உறுத்தல்.

சலீமிக்கா கல்லறையை நம்பவே இல்லை. "கல்லு வச்சா ஆளு போயிட்டாருன்னு அர்த்தமா? கடைசீல வருவார் பாருங்க" என்பார். போனவர் போனவர்தான் இக்கா என்று நான் சொல்வேன். அவரை விளையாடிப் பார்க்கச் சொன்னால், பயமாக இருக்கிறது, தொடவே மாட்டேன் என்பார். டிஸ்க்கை என் கையில் கொடுத்து, "அக்கா முடிச்சிட்டு வந்து சொல்லு. அவர் வந்தாரா இல்லையா, அது மட்டும் மதி, அது போதும்" என்றார்.

கடையில் இருக்கிறது முதல் பாகம் மட்டும்தான். அதைத்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்து நாசரிடம் போனில் 'ஒண்ணு கூடி' என்று சொல்லிவிட்டேன். நேற்று நான் கடை திறக்கவில்லை; போன் வந்தபோது வீட்டில், மகனுடைய கேம் மெஷினில் கடைசிக் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆண்கள் அவரைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவர் மனைவி ஆயிஷா இத்தா என் கையை விடவே இல்லை. அழுது முடித்து, ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, அது முடிஞ்சோ? இன்னலெ... நேத்துகூட இக்கா கேட்டாரு, அக்கா முடிச்சாச்சான்னு."

இல்லை இத்தா, கொஞ்சம்தான் பாக்கி என்றேன்.

என் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெண் இன்னும் கோட்டை வாசலில்தான் நிற்கிறாள். முடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? முடிக்காவிட்டால் கேட்ட மனுஷனுக்கு என்ன பதில்? விளக்கேற்றி முருகனிடம் கேட்டேன்.

போய் வாங்க சலீமிக்கா. உங்களைப் படைத்தவன் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

ஐயோ, இப்போதுதான் ஞாபகம் வருகிறது... டிஸ்க்கை வாங்கிக்கொண்டு நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, கடைசீல மழை வரும். அப்ப சவுண்ட் கொஞ்சம் கூட்டி வைக்கணும்." தொடவே மாட்டேன் என்றவருக்கு மழை வருவது எப்படித் தெரியும்?