இறங்காமல் உட்கார்ந்திருந்தது

பருத்திப்பட்டில் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போவது பெரிய பயணம் இல்லை. மாதாமாதம் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கப் போகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் கட்டிலோடு இருக்கிறார். நான் போகாவிட்டால் போக ஆள் இல்லை.

ஒரு காலத்தில் எனக்குத் துணையே அவர்தான். பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், இதோ செத்தோம் என்று தோன்றும். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் எத்தனை முறை சொன்னாலும் நான் நம்பவில்லை. கையில் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம், பக்கத்தில் அவர், இரண்டும் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டேன்.

பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் சில நாள் மட்டும், காலையிலிருந்து சாயங்காலம்வரை வைத்தியம் பார்த்தார்கள். மருந்து கிடையாது. பஸ்ஸில் வரும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்க, டாக்டரம்மா என்னை மூச்சு வாங்க மாடிப்படி ஏறவைத்தார், சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றிவிட்டார். கடைசி நாள் என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் கூட வராமல் நிறுத்திவிட்டு, தனியாக பஸ் ஏற்றினார். பயம் வந்தால் வரட்டும், தானே அடங்கும், நடுவில் மட்டும் இறங்காதீர்கள் என்றார். குணமான பிறகும் அந்தப் பயம் எப்போதாவது திரும்பி வரலாம் என்றும் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பல வருஷம் வரவில்லை. கல்யாணம், ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் தனியாகவே போனேன். அவர் படுக்கையில் விழுந்த பிறகு சில மாதங்களில் மறுபடி வருகிறது.

இந்த மாதமும் கரையான்சாவடி சிக்னலில் பஸ் நின்றபோது வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா ஆயா, இப்டி வேர்த்துக்கினு கீறே? எறங்கிக் காத்தாடக் குந்து. அடுத்த வண்டில போலாம்.”

எழுந்து கம்பியைப் பிடித்துவிட்டேன். இறங்கினால் உடனே சுகம், தெரியும். அடுத்த மாதம் ஏறவே மாட்டேன், அதுவும் தெரியும்.

“வேணாம்மா. வரும், போவும்” என்று உட்கார்ந்தேன். எல்லாரும் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. அவள் காய்கறிப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி, மோந்து பார்க்காமல் பையில் போட்டேன். பூந்தமல்லி வருவதற்குள் நெஞ்சு அடங்கியது. உடம்பு மட்டும் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். “வந்துச்சா?”

“வந்துச்சி.”

“எறங்கினியா?”

“இல்ல.”

அவருக்குச் சிரிப்பு இப்போது ஒரு பக்கம்தான் வரும். “என்ன வுட்டுட்டு ஊரு சுத்தறே நீ” என்றார்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அவருக்கு ஜூஸ் கொடுத்தேன். அடுத்த மாதமும் மாத்திரை தீரும்.