ஆறு கட்டையும் இரண்டு காதும்

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் பெங்களூரில் அல்சூரிலிருந்து ஜீவனஹள்ளி வரை எந்த மாரியம்மன் திருவிழா, எந்த மாதா கோயில் தேர் என்றாலும் ஸ்பீக்கர் என்னுடையதாகத்தான் இருக்கும். ஒற்றை ஹாரன் ஸ்பீக்கரில் தொடங்கி ஒரு லாரி சாமான் சேர்த்தவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அதைவிடப் பெருமையாக நான் சொல்லித் திரிந்தது, என் மகள் ஆறு கட்டைச் சுருதியில் பாடுகிறாள் என்பதை. அவள் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். அந்த உயரத்தில் நின்று பாட எல்லோராலும் ஆகாது.

போன மழைக்காலத்தில் அவள் குரல் கம்மியது. தொண்டைக்குள் சின்னதாக ஒரு வீக்கம் இருக்கிறது, இனியும் கத்திப் பாடினால் குரல் திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காமல்தான் அவள் கத்துகிறாள். அதனால் காதுக்குள் செருகிக்கொள்ளும் மானிட்டர் வாங்க, அல்சூர் மெட்ரோ பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். அன்று சாயங்காலமே அவளுக்கு ஒரு ரிசப்ஷன் கச்சேரி.

"ஒரு கட்டை இறக்கிப் பாடேன்மா" என்று வழியெல்லாம் சொன்னாள் என் மனைவி, போனில்.

"இறக்க மாட்டேன் மம்மி. டாடி ஊரெல்லாம் ஆறு கட்டைன்னு சொல்லி வெச்சிருக்காரு" என்றாள் மகள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். போன வாரம் ஒத்திகையில் பதிவு செய்த அவள் பாட்டையே போடச் சொன்னேன். முதல் ஜோடியில் டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடித்தது. குரல் பட்டுப் புடவை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தது ரெஃபரன்ஸ் வகை, எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி தரும் என்றார். கேட்டால் தகர டப்பா.

"இத்தனை வருஷம் தொழில் பண்ண காது இது. மொதல் ஜோடிதான். பில் போடுங்க" என்றேன்.

"ஸ்வல்ப இருங்க சார். ஒரே காதுல வெச்சு கேட்டீங்களே" என்றார் அவர், கன்னடம் கலந்து.

அது எங்கள் பழக்கம். ஹெட்போனை ஒரு காதில் அழுத்திக்கொண்டு, இன்னொரு காதைக் கூட்டத்துக்குத் திறந்து வைப்போம். எங்காவது ஸ்பீக்கர் வீலென்று ஊளையிட்டால் உடனே தெரிய வேண்டுமே.

"எனக்கு ஒரு காது போதும்யா."

"எனக்குப் போதாது டாடி" என்று மகள் ரெஃபரன்ஸ் ஜோடியை எடுத்து என் இரண்டு காதிலும் திருகிவிட்டாள். தெருவின் ஹாரன் சத்தம் பட்டென்று நின்றது.

இப்போது அது தகர டப்பாவாக இல்லை. பேஸ் வேண்டிய அளவுக்கு வந்திருந்தது. கிட்டாரில் விரல் நகரும் உரசல்கூடக் கேட்டது. சரணத்தில் குரல் மேலே ஏறியது. அங்கே, உச்சியில், கிழிந்த துணி போல ஒரு கரகரப்பு. மூச்சு தனியாகப் பிரிந்து கசிந்தது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில். முதல் ஜோடியையும் இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டேன். அதில் அந்தக் கரகரப்பு டிரம்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினால், கிழிவது தெரியாமலே பாடிக்கொண்டிருப்பாள்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா டாடி?"

சொல்லாமல் விட ஒரு நொடி மனசு இழுத்தது.

"கேக்குது கண்ணு. மேல போறப்போ."

"எனக்கும்தான். கொஞ்ச நாளாவே."

ரெஃபரன்ஸ் ஜோடிக்குப் பில் போடச் சொல்லிவிட்டு, கீபோர்டு வாசிக்கிறவருக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு என் பொண்ணுக்கு அஞ்சு கட்டை."

"யாரு பேசறது? ஆறு கட்டை அண்ணனா?" சிரித்தார். "உங்க வாயில அஞ்சுன்னு வருதா, நிஜமாவா?"

"வருது. வாசிய்யா."

போனை வைக்கும்போது மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கோபமோ என்று பயந்தேன். அவள் அந்த ஜோடியை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு, அதோடு இணைத்திருந்த கவுண்டர் மைக்கை வாயருகே பிடித்து, ஐந்து கட்டையில் மெல்ல முனகினாள். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவள் கையால் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குள் தன் குரல் தெளிவாகக் கேட்க, சத்தத்தைக் கூட்டாமலே பாடிக்கொண்டிருந்தாள்.