பல்லடத்திலிருந்து பீளமேட்டுக்கு, அண்ணனின் காலுக்காக

காலில் ரத்த ஓட்டம் அடைபட்டவரைக் கோவைக்கு அழைத்துப் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் போனது 1998இல், பொங்கல் முடிந்த மறுவாரம். பல்லடத்தில் எட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு இடது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. பீடியை விடச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

காலை 5.40 பஸ். சிங்காநல்லூருக்கு 27 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் ஆறு ரூபாய். இந்த நோய்க்காரர்களுக்குக் காலை நீட்டினால் உயிர் போகும், தொங்கவிட்டால்தான் தாங்கும். அதனால் முன் படிக்கட்டை ஒட்டிய சீட்டைப் பிடியுங்கள். அங்கிருந்து பீளமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர். “ஏனுங்கம்மணி, காலுக்குங்களா? பள்ளத்துல உடாம மெதுவாப் போறனுங்க” என்றார் ஓட்டுநர். கேட்டது நாற்பது, அண்ணன் இறங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு வாங்கியது முப்பது.

டாக்டர் நிதானமானவர். அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக்குழாய் வைக்க வேண்டும், அதற்குக் காலிலிருந்தே ஒரு ரத்த நரம்பை எடுப்போம் என்றார். அண்ணனின் வேட்டியை விலக்கிப் பார்த்தார். இரண்டு காலிலும் நீளத் தழும்பு.

நாளெல்லாம் நிற்கிற தறிக்காரர்களுக்குக் காலில் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளும் நரம்புச் சுருட்டு வருவது சகஜம். மூன்று வருடம் முன்பு, தீபாவளிக்குத் தறி நின்ற வாரத்தில், அண்ணன் அதற்கு அந்த நரம்பையே உருவி எடுக்கிற ஆபரேஷன் செய்துகொண்டார். கெட்டிருந்தது இடது கால் மட்டும். “இன்னொருக்கா தறிய நிறுத்த முடியாதுங்க, வலதையும் எடுத்துப்போடுங்க” என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். அந்த ஆபரேஷன் செய்த டாக்டர் தயங்கினார். ஒரே லீவில் முடியட்டுமே என்று நானும் ஒத்து ஊதினேன்.

“நல்ல நரம்பை ஏனுங்க எடுத்தீங்க?” என்றார் பீளமேட்டு டாக்டர்.

பதிலுக்கு எடுக்கலாமென்று பார்த்த கை நரம்பு மெலிசாக இருந்தது. செயற்கைக் குழாய் முழங்காலுக்குக் கீழே சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமாம். “வெளிநாட்டுல ஆளோட சொந்தச் செல்லையே ஒரு வலைக்குழாய் மேல வளர்த்துப் பாக்கறாங்க. வலை கரைஞ்சுபோகும், ரத்தக்குழாய் நிக்கும். இன்னும் ஆராய்ச்சிதானுங்க” என்றார் டாக்டர்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “கரையற நூலுங்களா? நூலை மட்டும் வரவெச்சுக் குடுங்க, ஒரு வாரத்துல நெய்ஞ்சு தாரனுங்க!”

டாக்டர் சிரிக்கவில்லை. “நெய்யறது சுளுவுங்க. அதுல உசுரு புடிக்கறதுக்குத்தான் வருசக்கணக்காகும். உங்க காலுக்கு நாள் கணக்குத்தான் இருக்குது.”

வேறு வழியில்லாமல் செயற்கைக் குழாயையே வைத்தார்கள். ஒன்பதாம் நாள் அடைத்தது. பதினோராம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், “தறிய ஓட்டறாங்களா அம்மணி?” என்றுதான் கேட்டார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய ஆபரேஷன் காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நரம்புச் சுருட்டுக்குப் போகிறவர்கள், எத்தனை நாள் லீவு மிச்சமானாலும் நல்ல காலில் கை வைக்க விடாதீர்கள்.

ஆய்வகத்தில் ரத்தக்குழாய் வளர்த்திருக்கிறார்கள் என்று பேப்பரில் ஏதாவது வந்தால், அண்ணன் ஃபோன் செய்து எனக்கு முழுதும் படித்துக் காட்டுவார், சந்தோஷமாகத்தான். அன்றைக்கு நான் ஒத்து ஊதியதை இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. ஒரு தடவையாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.