அக்காவின் பெயர் உள்ள பாட்டு

பாளையங்கோட்டையில் நான் பாட்டுப் பதிவுக்கூடம் வைத்திருக்கிறேன். ஏரலிலிருந்து ராப் பாட வந்த அந்தப் பெண் ஒல்லியானவள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்பாள். புகுந்த வீட்டில் எரிந்து செத்த தன் அக்காவைப் பற்றிப் பாடினாள். சென்னைக் கம்பெனி ஒன்று, அக்காவின் பெயரை எடுத்துவிட்டால் பாட்டை வாங்கிப் பெரிதாக வெளியிடுகிறோம் என்றது.

“எடுத்துரும்மா, நல்ல பேரு கிடைக்கும்,” என்றேன்.

“எனக்குப் பேரு வர, அவ பேர அழிக்கச் சொல்லுதியளா அண்ணாச்சி? பெறவு கண்ணாடில என் மூஞ்சிய நானே எப்படிப் பாக்க?”

பெயரோடு அவளே வெளியிட்டாள். அக்கா கணவனின் ஆட்கள் வீடேறி அடித்ததில் அவள் தாடை உடைந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே வந்து நின்றாள். பேச்சு குழறியது.

“இந்தக் குரல்லயே அடுத்த பாட்ட எடுப்போம்,” என்றாள்.

மைக்கை அவள் வாய்க்கு நேராகச் சரிசெய்து, பதிவை ஓடவிட்டேன்.