அக்கரை

நான் இப்போது வாழும் எசன் நகரப் பேருந்தில் யாருடையதோ நனைந்த கம்பளிக் கோட்டு மணந்தது. எழுபதுகளில் நாங்கள் வாழ்ந்த ஜேர்மன் எல்லைக் கிராமத்தில், ஆற்றுப் பாலத்துச் சுங்கச் சாவடியில் எங்களை மட்டும் மறித்து உட்காரவைக்கும்போது, அடுப்போரம் எங்கள் கோட்டுகள் காய்ந்த அதே மணம். பாலத்துக்கு அப்பால் ஒஸ்திரியா. ஒருகாலத்தில் இரு கரையும் ஒரே ஊராம், அரசர்கள் பிரித்தார்களாம். ஆஸ்பத்திரி வேலையால் களைத்து வரும் அம்மா, "அக்கரைக்குப் போயிட்டு வருவம்" என்பார். அதையே எதிர்க்கரை ஊரின் பெயரென்று நம்பிப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, சிரிப்புக்கு ஆளானேன்.

சாவடி இப்போது இல்லை. போன கோடையில் அம்மாவைக் காரில் அந்தப் பாலத்தால் கூட்டிப்போனேன்.

"எங்கை, மறிக்கிற ஆக்கள்?"

"இப்ப ஒருத்தரும் மறிக்கிறேல்லை, அம்மா."

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"அப்ப இது அக்கரை இல்லை."