பிலோமினாவின் நான்கு பாத்திகள்

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்து குடையை மடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்திருப்பதாக மேலாளர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். பிலோமினாவின் மகள் ஸ்டெல்லா பேசினாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். எங்கே போனாள் என்று கேட்டேன். மறுமுனையில் அழுகை மட்டும் கேட்டது. அப்புறம்தான் புரிந்தது. முந்தின நாள் மாலை சர்ச்சிலிருந்து திரும்பியவள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்திருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். அவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. பாண்டி பஜாரில் உள்ள எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் அவள் மேஜையும் என் மேஜையும் எத்தனையோ வருடங்களாக ஒட்டிக் கிடந்தவை. அவளோடு வேலை பார்த்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். அவளுடைய உரத்த சிரிப்பும், வருடக் கடைசியில் அவள் வேலை முடிக்கும் வேகமும் உங்களுக்கும் தெரியும். அவளுடைய தோட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

பாலவாக்கத்தில் கடலை நோக்கிப் போகும் ஒரு தெருவில் அவர்கள் வீடு. கணவர் அருள் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கடலுக்குப் போகாமல், ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டின் பின்புறம் வெறும் மணல். ஏரி வண்டலும் சாணமும் கொண்டுவந்து கொட்டி, இருவருமாக அங்கே நான்கு பாத்திகள் கட்டியிருந்தார்கள். நான் முதன்முதலில் அங்கே போன ஞாயிற்றுக்கிழமை, எதை எங்கே போடுவது என்று எப்படி முடிவு செய்கிறாய் என்று கேட்டேன்.

"வூட்ல யாருக்கு இன்னா புடிக்கும்னு மொதல்ல பாக்கணும் கல்யாணி. புடிக்காத காயைப் போட்டா அதுக்குத் தண்ணி ஊத்தவே மனசு வராது" என்றாள்.

அருளுக்குக் கத்திரிக்காய். வாளைக் கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய் இல்லையென்றால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். ஸ்டெல்லாவுக்கு வெண்டைக்காய். இந்த இரண்டையும் சுற்றித்தான் மற்றதெல்லாம் அமைந்தது. கத்திரி எடுத்த பாத்தியில் காராமணி போடுவாள். மண் இழந்த சத்தை அது திருப்பிக் கொடுக்கும். அதற்கப்புறம் கீரையும் முள்ளங்கியும். பிறகு வெண்டை. கத்திரி இப்படிப் பாத்தி பாத்தியாக நகர்ந்து, ஒரு சுற்று முடிந்த பிறகுதான் பழைய இடத்துக்கு வரும். நடுவில் அங்கே தக்காளியோ மிளகாயோ வைக்கக்கூட விடமாட்டாள். "மூணும் ஒரே குடும்பம். ஒண்ணுக்கு வந்த நோவு மத்ததையும் புடிச்சுக்கும்" என்பாள்.

"எங்காத்துல கத்திரிக்கா வேணும்னா பையை எடுத்துண்டு மார்க்கெட்டுக்குப் போவோம். அவ்வளவுதான்" என்றேன்.

"அதான் உங்க வூட்டுக் கத்திரிக்கா வைக்கோல் மாதிரி கீது" என்றார் அருள், வரப்பில் உட்கார்ந்தபடி.

இவ்வளவு பார்த்தும் ஒரு வருடம் நோய் வந்துவிட்டது. பூ எடுத்திருந்த கத்திரிச் செடிகள் பச்சை மாறாமலே தலை தொங்கின. காலையில் நிமிர்ந்திருப்பவை மத்தியானம் துவண்டன. பிலோமினா ஒரு தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினாள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை ஒன்று மெல்ல இறங்கியது. வாடல் நோய். அது மண்ணிலேயே தங்கிவிடும், ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போனால் அங்கேயும் போகும். செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்தாள். மூன்று வருடத்துக்கு அந்தத் தோட்டத்தில் எந்த மூலையிலும் கத்திரி கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அருள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்.

அடுத்த வருடம் அவருக்கு வயிற்றில் வலி தொடங்கியது. பட்டறையில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். புற்றுநோய், ஈரல் வரை பரவியிருந்தது. டாக்டர் பிலோமினாவைத் தனியாகக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் வரை தாங்கினாலே பெரிது என்றார். அவள் அதை அருளிடம் சொல்லவில்லை. குடலில் புண், மருந்தில் ஆறிவிடும் என்று சொல்லிவைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் எழுந்து போனாள். பின்னாலேயே போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"காலைல கேக்குறாரு, கல்யாணி. கத்திரி போட இன்னும் ரெண்டு வருசம் கீதா பிலோன்னு. ஆமான்னேன். சரி, காத்துக்கினு இருப்போம்ன்னாரு."

"இப்பவே போட்டுடேன். மண்ணு போனாப் போறது. இல்லேன்னா ரெண்டு தொட்டில புது மண்ணைப் போட்டு வையேன்" என்றேன்.

"எங்க வெச்சாலும் ஒண்ணுதான். மூணு வருசம்னா மூணு வருசம்னு நிக்கிறவ நான். இப்போ இன்னா அவசரம்னு யோசிக்க மாட்டாரா? நட்டா அவருக்குத் தெரிஞ்சிரும். நடலைன்னா அந்த ருசி இல்லாமலே போயிருவாரு. நான் இன்னா பண்றது, சொல்லு."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாலை வரை வவுச்சர்களைச் சரிபார்த்தாள்.

அவளால் முடியாததை அருள் செய்தார். ஒரு மாலை அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. பின்புறம் ஓடினாள். கைலியெல்லாம் சேறாக, மூச்சு வாங்க, அருள் பாத்தி நடுவில் உட்கார்ந்திருந்தார். தெருவில் நாற்று விற்றுக்கொண்டு போனவனை நிறுத்திக் கத்திரி நாற்று வாங்கியிருக்கிறார். முக்கால் பாத்தி நட்டாகிவிட்டது. மீதிக்குக் குனிய முடியவில்லை.

"திட்டுவியா?" என்று கேட்டாராம்.

பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீதி நாற்றுகளை நட்டாள். கிணற்றில் இறைத்துத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. "எத்தினி நாளா தெரியும்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. கையைப் புடிச்சு உள்ளே கூட்டிக்கினு வந்துட்டேன்" என்றாள்.

மண் மன்னிக்கவில்லை. பூ விடும் நேரத்தில் செடிகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. தப்பிய இரண்டு செடிகளில் கைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் காய்கள் வந்தன. முற்றும்வரை காத்திருக்கப் பயந்து பிஞ்சாகவே பறித்து, வாளைக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்தாள். அதற்குள் அருளுக்குக் கஞ்சியே இறங்காத நிலை. சோற்றில் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். நாக்கிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். விழுங்க முடியவில்லை. துணியில் துப்பிவிட்டு, "உப்பு பத்தல" என்றார். அந்த வாரமே போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் வெகுநாள் இருந்தது.

அதன்பின் மூன்று வருடக் கணக்கை அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஸ்டெல்லா கல்யாணமாகி அசோக் நகருக்குப் போனாள். வெண்டைக்காயும் தேவையில்லாமல் போயிற்று. போன வருடம் அந்த மூன்று வருடம் முடிந்ததும், இனிமேல் கத்திரி போடலாமே என்றேன்.

"எனக்குக் கத்திரிக்கா புடிக்காதே" என்றாள். "எப்பவுமே புடிக்காது. வாயெல்லாம் அரிக்கும்."

அத்தனை வருடம் அவள் கத்திரிக்காய் சமைத்ததையும், கட்டிக்கொண்டு வந்ததையும் பார்த்தவள் நான். சரி, உனக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"தெரியலியே, கல்யாணி" என்றாள்.

ஆனால் அவள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பாகல், புடலை, அவரை, கொத்தவரை என்று பாத்திக்கு ஒன்றாகப் போட்டு, வாரம் ஒன்றாகச் சமைத்துப் பார்த்தாள். பாகற்காய் வேண்டாம் என்றாள். புடலங்காய் பரவாயில்லை என்றாள். பரீட்சை எழுதுகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். கூட்டம் வீட்டுக்குள் கொள்ளவில்லை. பின்புறம் பந்தல் போட்டு, பாத்திகளுக்குள்ளேயே கம்பு நட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் ஈர மண்ணில் இறங்கியிருந்தன. புடலைக் கொடியை யாரோ சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. வந்தவர்கள் உட்கார வேண்டாமா? வீட்டை விற்றுவிடப் போவதாக ஸ்டெல்லா சொன்னாள். அவளுக்கும் வேறு வழியில்லை. இனி அந்த மண்ணில் வீடுதான் எழும்பும்.

நான் மனதில் வைத்துக்கொள்ளப்போவது அவளுடைய கடைசி வெள்ளிக்கிழமையை. அன்று மதியம் தேங்காய் போட்ட கொத்தவரங்காய்ப் பொரியல் கொண்டு வந்திருந்தாள். வழக்கம்போல என் தட்டை நீட்டினேன். அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு யாருக்கும் கெடையாது" என்றாள். ஒரு துண்டு விடாமல் அவளே சாப்பிட்டாள். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த தேங்காயையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.