கொம்பன் யானைக்கு ஏழு சாட்சிகள்

கார் கம்பனிகளில் பெயர் வைப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று என் அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்க எழுத்துப் பார்க்கும் வீட்டிலேயே எனக்குப் பொறுமை கெட்டுவிடும். இரும்புக்கும் தகரத்துக்கும் பெயர் தேடி ஆறு பேர் மேசையைச் சுற்றி இருந்து மாதக்கணக்காகத் தேநீர் குடிக்கிறார்கள் என்றால் எந்த மனிதன் நம்புவான்? ஆனால் அண்ணனுக்கு அது வேதம். மலைநாட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குப் பதினான்கு வருடம் கார் ஓட்டியவர் அவர். துரையின் தம்பி இங்கிலாந்தில் அப்படி ஒரு மேசையில் இருந்தாராம். துரை பின் ஆசனத்தில் இருந்து சொன்னதையெல்லாம் அண்ணன் முன் ஆசனத்தில் இருந்து மனப்பாடம் செய்திருந்தார்.

விலை கூடிய காருக்குப் பெயர் வைக்க விதிகள் இருந்தன. பெயர் வாய்க்குள் இலகுவாகப் புரள வேண்டும். கேட்டவனுக்குக் கொஞ்சம் பயம் வரவேண்டும். ஏறமாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு வரக்கூடாது. அடுத்த நாட்டுக்காரன் பாஷையில் அது கெட்ட வார்த்தையாக இருக்கக்கூடாது. அதனால்தான் பாயும் மிருகம், பேய், காற்று, அரசர்களின் ஊர் என்று தேடிப் பிடிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெயரை அரசாங்கத்தில் பதிந்துவிட வேண்டும். பதிந்த பெயரை வேறு எவனும் தொட்டால் கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் துரை தன் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். போகும்போது தன் பழைய கறுப்புக் காரை அண்ணனிடம் விட்டுவிட்டார். அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு புளியங்குளம் சந்திக்கு வந்து, அங்கிருந்து காட்டுக்குள் நாலு மைல்கட்டை தூரம் தள்ளியிருந்த எங்கள் குடியேற்றத் திட்டத்துக்குள் நுழைந்தபோது, வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சவர்க்கார நுரையோடு எழுந்து நின்றார்கள். எங்கள் வீட்டைவிடக் கார் வடிவாக இருந்தது. சமைக்கிற குசினியைவிட நீளம் என்பதை அளந்தே பார்த்தோம்.

அந்தக் காருக்குப் பெயர் இல்லை. இருந்திருக்கும், ஆனால் பின்னால் பெயர் பொறித்த தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. இரண்டு துளைகள் மட்டும் மிச்சம். அண்ணன் மூன்று நாள் அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். நாலாம் நாள் சந்திக்குப் போய் போர்ட் எழுதுகிறவரைப் பிடித்து, முன் கண்ணாடிக்கு மேலே மஞ்சள் மையால் எழுதுவித்துக்கொண்டு வந்தார்: கொம்பன் யானை.

வன்னியில் வாழாதவர்களுக்கு இதில் என்ன பிழை என்று விளங்காது. எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் நிற்கும்போதோ காட்டுப் பாதையில் போகும்போதோ அந்த மிருகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அதற்குக் காது பெரிது. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று வந்துவிடும். பெரியவர் என்பார்கள், அவர் என்பார்கள், சிலர் கையால் மட்டும் காட்டுவார்கள். எங்கள் திட்டத்துக்கு மூன்று பக்கமும் காடு, நாலாவது பக்கம் குளம். குளத்துக்கு அங்கால் மறுபடியும் காடு. ஆகவே அந்தச் சொல்லை எங்கள் ஊரில் எங்கேயும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடிப் படத்தைக் காட்டும் வாத்தியார்கூட அந்த இடத்தில் கொஞ்சம் இருமிவிட்டு அடுத்த படத்துக்குப் போவார்.

இந்த ஊரில்தான் என் அண்ணன் அந்தப் பெயரை நெற்றியில் எழுதிய ஒரு காரை வாடகைக்கு விட்டார். பதினான்கு வருடம் மலையில் இருந்தவருக்கு ஊர்ப் பயம் விட்டுப்போயிருந்தது. எங்களுக்கு விடவில்லை. முதல் கிழமை ஏழு நாளும் பார்க்க மட்டும் ஆட்கள் வந்தார்கள். மல்லாவியில் ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் காராகக் கேட்டார்கள்; மாப்பிள்ளை வந்து நெற்றியை வாசித்துவிட்டு மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தார். அண்ணனை அது அசைக்கவில்லை. உயர்ந்த காருக்கு ஆட்கள் பழக நாள் எடுக்கும் என்று துரையும் சொல்லியிருக்கிறாராம்.

இதைவிடப் பெரிய மூடத்தனம் சந்தியில் நடந்தது. அங்கே முன்பே ஒரு வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர், அண்ணனின் காரைச் சுற்றிக் கூடிய கூட்டத்தை மட்டும் தூரத்தில் பார்த்தவர், தன் காருக்கும் அதே மஞ்சள் மையால் அதே பெயரை எழுதிவிட்டார். அதன்பிறகு ஒரே பெயரோடு இரண்டு கார்கள் சந்தியில் ஆளுக்கொரு புளியமரத்தின் கீழ் ஆளில்லாமல் நின்றன. சனம் பஸ்ஸில் போனது. அந்த மனிதர் இரண்டு கிழமையில், மனைவி காரில் ஏற மறுத்ததால், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பெயரை அழித்துவிட்டார். ஆனால் அண்ணனுக்கு அதற்குள் நெருப்புப் பிடித்துவிட்டது. பெயரைப் பதிந்தே ஆகவேண்டும் என்று நின்றார்.

யாருமே வாயால் சொல்லாத பெயரை யார் களவெடுக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். நான் அப்போது சங்கக் கடையில் எழுதுவினைஞன். உலகம் முழுவதையும் திருத்தும் பொறுப்பு எனக்கே இருப்பதாக நினைத்த வயது. அண்ணன் காரின் மட்கார்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அரசாங்கக் கடதாசியிலை என்ர பேருக்கு எண்டு ஒண்டும் இல்லையடா தம்பி. இதெண்டாலும் இருக்கட்டும்."

குடியேற்றக் காணிக்கு அரசாங்கம் தரும் பெமிற்றில், தனக்குப் பின் யாருக்கு என்று தகப்பன் ஒரே ஒரு பிள்ளையின் பெயரைத்தான் எழுதலாம். அதிகாரி வந்து கேட்ட அன்றைக்கு அண்ணன் மலையில் இருந்தார், நான் எங்கள் ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. வயலும் வீட்டுக் காணியும் என் பெயருக்கு வந்தன. அண்ணன் அதைப்பற்றி அதுவரை ஒரு சொல் பேசியதில்லை. அன்றும் அதற்கு மேல் பேசவில்லை.

ஆகவே நான் எழுதினேன். வவுனியாவில் வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவர் சொல்லச் சொல்ல, கொழும்புக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினேன். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் நாற்பது தரமாவது எழுதியிருப்பேன். ஒரு பயமும் வரவில்லை. எங்கள் காட்டில் திரிகிறவருக்கு ஆங்கிலம் எங்கே தெரியப்போகிறது? ஊர்ச்சனத்தின் பயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு எழுதினேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

இந்தப் பெயரைக் கேட்டால் இந்தக் கார்தான் தங்களுக்கு நினைவு வரும் என்று ஏழு பேர், பெயரைத் தம் வாயால் சொல்லிச் சத்தியம் செய்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று பிரக்கிராசி கேட்டார். சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவர் கனகராயன்குளத்தில் இருந்தார். அண்ணன் ஆட்களைச் சேர்த்தார். தேநீர்க்கடைக்காரர், குடியேற்றத்தில் எங்களுக்குப் பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர், பிறகு யாரும் எதிர்பாராத விதமாகச் சந்திக் கார்க்காரர். அந்தப் பெயர் தன்னுடையது இல்லை, எப்போதும் தன்னுடையதாக இருந்ததும் இல்லை என்று ஊருக்கு முன்னால் சொல்லிக் கழுவிக்கொள்ள அவருக்கு அவசரம். ஏழாவது ஆள் நான்.

நீதவானின் விறாந்தையில் கதிரைகள் போட்டு எல்லோரும் இருந்தோம். விறாந்தைக்குப் பின்னால் அவருடைய வாழைத்தோட்டம், அதற்குப் பின்னால் காடு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை உயர்த்தி வாசிக்கத் தொடங்கினார். "மேற்படி வாகனத்தின் பெயர்" என்ற இடத்தில் நின்றார். வாழைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த இடத்தில் விரலை வைத்து, இது என்றார். தேநீர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, ஓம், உதுதான் என்றார். உது என்றால் என்ன என்று நீதவான் கேட்டார். நீங்கள் வாசித்ததுதான் என்றார் அவர். நான் வாசிக்கவில்லையே என்றார் நீதவான். இப்படியே ஆறு பேரையும் கேட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. எல்லோரும் விரலால் காட்டினார்கள். ஒருவர் நீதவானை வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் காரையே காட்டினார். என் முறை வருவதற்குள் நீதவான் தாள்களை மடித்து, இதை வவுனியா நகரத்தில் வைத்துச் செய்வோம், அங்கே பயமில்லாமல் கதைக்கலாம் என்று தானும் எங்களோடு காரில் நெருக்கி ஏறிக்கொண்டார்.

பிரக்கிராசியின் கந்தோர் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில். கடைகள், சைக்கிள்கள், ஒரு வேப்பமரம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் காடு இல்லை. தேநீர்க்கடைக்காரர் கதவைச் சாத்தச் சொன்னார். யன்னலையும் சாத்தியபிறகு, குனிந்து, மேசைக்கு மட்டும் கேட்கும்படி பெயரைச் சொன்னார். நீதவான் சரி என்றார். அடுத்தவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிக் கையெழுத்து வைத்தார்கள். சந்திக் கார்க்காரர் சொல்லிவிட்டு வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

பெயரைச் சொல்லி, சொன்னதற்கு அடியில் கையெழுத்தும் வைத்தபிறகு, அந்தப் பெயர் எழுதிய காரில் காட்டுப் பாதையால் திரும்பிப் போக ஒருவருக்கும் துணிவில்லை. ஆறு பேரும் ரயிலில் புளியங்குளம் போய், அங்கிருந்து அதே காட்டுக்குள்ளால் நாலு கட்டை நடந்து வீட்டுக்குப் போவதாகத் தீர்மானித்தார்கள். நடந்து போவது காரில் போவதைவிடப் பத்திரம் என்று எனக்கு விளக்கினார்கள். நீதவானும் அவர்களோடு சேர்ந்து ரயிலுக்கு ரிக்கற் எடுக்க ஆள் அனுப்பினார்.

மிச்சம் நான் ஒருவன்தான். நீதவான் தாளை என் பக்கம் திருப்பினார். சின்ன வேலை. இரண்டு சொல். நாற்பது தரம் எழுதிய சொல். நான் வாயைத் திறந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு வயல் கண்ணுக்குள் வந்தது. கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்த கிழமை அது. காட்டுப் பெரியவருக்கு மிக விருப்பமான பருவம். ஒரு சோடி இறங்கினால் விடியும்போது வைக்கோல்கூட மிஞ்சாது. முந்தின வருடம் கிழக்குப் பக்க வேலிக்கார மனிதர், வாய் தவறி அந்தச் சொல்லைச் சொன்ன மூன்றாம் நாள், ஆண்டு முழுவதற்குமான நெல்லை இழந்து வரம்பில் குந்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இது மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடினேன். தலை சுற்றுகிறது என்றேன். காலையில் சாப்பிடவில்லை என்றேன். வேறு ஒரு நாள் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

நீதவான் என்னை வற்புறுத்தவில்லை. ஆறு பேரோடு கொழும்புக்கு அனுப்பிப் பிரயோசனமில்லை என்றார் பிரக்கிராசி. அண்ணன் மேசையில் இருந்த தாள்களை அடுக்கி, ஓரம் பிசகாமல் ஒன்றாக்கி, எனக்கு முன்னால் வைத்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும், நானும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"நீ பயப்பிடத்தான் வேணும். உனக்கு வயல் இருக்கு," என்றார். "எனக்கு அது வந்து மிதிக்க என்ன இருக்கு?"

திரும்பி வரும்போது அவ்வளவு பெரிய காருக்குள் நாங்கள் இருவர்தான். நான் பேசத் தகுதியில்லாமல் இருந்தேன். நாள் குறித்து மறுபடி போக அவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது நெற்றியில் மஞ்சள் எழுத்து இல்லை. அதன்பிறகு அவருக்கு நல்ல ஓட்டம் வந்தது. மல்லாவிக் கலியாணங்கள் எல்லாம் அந்தக் காரில்தான்.

அந்தப் போகத்தில் யானை எங்கள் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஒரு கதிர்கூடச் சேதமில்லாமல் அறுத்தோம். மூட்டைகளை வயலிலிருந்து வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர் அண்ணன்தான். துரை இருந்த ஆசனத்தில் சாக்கை விரித்து, அதன்மேல் என் நெல்லை ஒவ்வொரு மூட்டையாக அவரே தூக்கி வைத்தார். அன்றைக்கு வவுனியாவில் நான் அந்த இரண்டு சொல்லையும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.